வீடு சரியான பிறகு

மதினி,

நேற்று ஊற்றிய பினாயில் வாடை இன்னும் என் வீட்டை விட்டுப் போகவில்லை. ஊற்றியது உங்கள் மகள். அண்ணன் வழக்கம்போல விடிந்ததும் இரண்டு பிள்ளைகளையும் என்னிடம் விட்டுவிட்டு தான் வாத்தியாராக இருக்கும் ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறப் போய்விட்டான். நான் உள்ளறையில் என் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால், ஆறு வயதுப் பிள்ளை யூனிபார்ம் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னறையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். பாட்டிலில் பாதி வாளிக்குள் போயிருந்தது. எனக்குக் கண் எரிந்தது. நீங்கள்தான் குனிந்து துடைக்கிறீர்களோ என்று ஒரு நிமிடம் நின்றுவிட்டேன்.

உங்கள் வீட்டை நினைத்தால் எப்போதும் இந்த வாடைதான் முதலில் வருகிறது. பாளையங்கோட்டையில் நம் தெருவில், பிள்ளைகள் இருப்பதே தெரியாத வீடு உங்களுடையது ஒன்றுதான். விளையாட்டுச் சாமான் பெட்டிக்குள், பெட்டி கட்டிலுக்கு அடியில். முறுக்குத் தின்றாலும் பேப்பரை விரித்து அதன்மேல் உட்கார்ந்து தின்ன வேண்டும். உங்கள் மகன் சுவரைப் பிடித்து நடை பழகிய காலத்தில், அவன் கை பட்ட இடத்தையெல்லாம் ஈரத்துணியோடு பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனீர்கள். "பிள்ளைய வளக்கியளா, செவத்த வளக்கியளா மதினி?" என்று கேட்டேன்.

"ஒனக்கென்னட்டி, ஒம் வீட்டுல கால் வைக்க எடமுண்டா?"

"கால் வைக்காண்டாம், அப்படியே பறந்து வாங்க."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள், தோள் மட்டும் குலுங்க. எனக்கு மிகவும் பிடித்த சிரிப்பு அது. உள்ளுக்குள் உங்களைப் பார்த்துப் பொறாமையும் இருந்தது. அதை உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வயிற்றில் வலி தொடங்கியபோதும் நீங்கள் வீட்டைத்தான் பார்த்தீர்கள். கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்த நேரம். "வீடு சரியான பொறவு ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றீர்கள். வெள்ளையடித்து, ஜன்னல் கம்பி துடைத்து, திரைச்சீலை அலசிக் காயப்போட்டு, பண்டிகையும் முடிந்த பிறகுதான் போனீர்கள். முன்னமே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை அண்ணனால் இன்னும் விழுங்க முடியவில்லை.

மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு உங்களால் எழுந்து நிற்க முடியவில்லை. கட்டிலை முன்னறைக்கு மாற்றினோம். அங்கே படுத்துக்கொண்டு வீடு சரிவதை நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஒருத்தி இரண்டு வீட்டுக்கும் ஓடியதில் பாத்திரம் குவிந்தது, துணி குவிந்தது, சின்னவன் சோற்றை வாரி இறைத்தான். உங்களுக்கு வலியைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

நம் தெருப் பெண்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நோயாளி இருந்தால் முதலில் அந்த வீட்டுக்குத்தான் வருவார்கள். உங்களுக்காகவும் வந்தார்கள். "வீடு போட்டது போட்டபடி கெடக்கு. அடுத்த வாரம் வரச் சொல்லு" என்றீர்கள். நான் வாசல் கேட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர்கள் கேட்டிலேயே நின்று ஜெபித்துவிட்டு, கொண்டுவந்த ரசத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரமும் வந்தார்கள். அதற்கடுத்த வாரமும். அவர்கள் பாடுவது கட்டில் வரை கேட்டது. நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதீர்கள். ஆனால் கதவைத் திறக்கச் சொல்லவில்லை.

உங்கள் மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் பகல் முழுக்கச் சாமான்களைப் பொறுக்கினாள், துணி மடித்தாள், குறுக்கே வந்த தம்பியை அடித்து மூலையில் உட்கார வைத்தாள். பிறகு கட்டிலருகே வந்து கேட்டாள்: "எம்மா, வீடு சரியாயிட்டு. இனி அவங்கள வரச் சொல்லட்டா?"

நீங்கள் தலையைத் திருப்பி மெல்லப் பார்த்தீர்கள். "நாற்காலிக்கு அடியில பாரு" என்றீர்கள். அங்கே ஒரு பிஸ்கட் நொறுங்கிக் கிடந்தது.

நோயில் பேசியதுதான், எனக்குத் தெரியும். இருந்தும் அந்த வார்த்தைக்காக உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

நீங்கள் போன அன்று எல்லாரும் வந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது, யாரையும் நிறுத்த முடியவில்லை. நாற்காலி முதுகில் சின்னவனின் ஈர டவுசர் தொங்கியது. அடுப்பில் பால் பொங்கிக் கருகிய வாடை வீடெங்கும். ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. உங்களோடு ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்திய அக்கா, பொரியும் பொம்மையும் சிதறிக் கிடந்த தரையில் அப்படியே உட்கார்ந்து, உங்கள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு தடவையாச்சும் எங்கள உள்ள விட்டிருக்கப்படாதா, தாயி?" என்று உங்களிடம் கேட்டார். கதவுக்குப் பின்னால் உங்கள் மகள் துடைக்கிற துணியோடு நின்றாள்.

அதற்குப் பிறகு நானும் நீங்களாக இருந்து பார்த்தேன். உங்கள் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியக் கூடாது என்று என் வீட்டை உங்கள் வீடாக்கினேன். பெட்டி வாங்கினேன், பேப்பர் விரித்தேன், யூனிபார்முக்குக் கஞ்சி போட்டேன். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு இதெல்லாம் செய்ததில், யார் எதைச் சிந்தினாலும் எனக்குக் கத்தத்தான் வந்தது. நான் கத்தும்போதெல்லாம் அவள் துணியை எடுத்துக்கொண்டு ஓடிவருவாள். நல்ல பிள்ளை, பொறுப்பான பிள்ளை என்று தெருவே மெச்சியது. நானும் மெச்சினேன்.

நேற்று அந்த வாளியைப் பிடுங்கிவிட்டுக் கேட்டேன்: "ஏன்ட்டி இப்படி முட்டி போட்டுத் தொடைக்க?"

"இன்னைக்கு ஜெபத்துக்கு இங்க வாராங்கள்லா அத்தை. வீடு இப்படிக் கெடந்தா வாசலோட போயிருவாங்க. பொறவு நீங்களும் செத்துப் போவிய."

அழாமல் சொன்னாள். வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில் சொன்னாள். இத்தனை நாளும் அவள் என் வீட்டைத் துடைக்கவில்லை மதினி, என் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் எதையும் நான் எடுத்து வைக்கவில்லை. குழந்தையின் மூத்திரத் துணி, சின்னவன் கிழித்த பேப்பர், காலையில் தின்ற தட்டு, எல்லாம் கிடந்த இடத்தில் கிடந்தன. அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள், கெஞ்சினாள், கடைசியில் என் கையைக் கடித்தாள். நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவை விரியத் திறந்து வைத்தேன். பெண்கள் வந்தார்கள். பொம்மைகளைக் காலால் பைய ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள், பாடினார்கள், காப்பி குடித்தார்கள். அவள் ஒருத்தி மட்டும் கண்ணை மூடவில்லை. வந்தவர் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் போனதும் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுடுகிறதா என்று கேட்டேன். கன்னத்தையும் தொட்டுப் பார்த்தாள்.

ஒரு நாளில் தீர்கிற பயம் இல்லை அது. என்னால் அதைத் தீர்க்க முடியுமா என்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். இனி தினமும் படுக்கும்முன் எதையாவது ஒன்றைக் கழுவாமல், மடிக்காமல் போட்டுவிட்டுத்தான் படுப்பேன். விடிந்ததும் உங்கள் மகள் வந்து பார்க்கும்போது அது கிடக்க வேண்டும். நானும் இருக்க வேண்டும்.