கஞ்சி வாங்காமல் திரும்பியவர்கள்

அன்பு மகள் சிம்ராவுக்கு அத்தா பீர் முஹம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், கிளாஸ்கோ குளிரில் நோன்பு பிடிக்கிற உன் உடம்பும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். போனில் பேசினால் பாதியில் பேச்சு வேறெங்கோ போய்விடும், அதனால் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் மாடிப்படி ஏறாதே என்றால் யார் கேட்கிறார்கள். பாண்டி பஜாரில் பெருநாள் கூட்டம் தொடங்கிவிட்டது, லைனிங் துணி வெட்டிக் கொடுக்கவே நேரம் போதவில்லை, இருந்தாலும் லுஹர் தொழுகைக்குப் பிறகு கடையைச் சாத்திவிட்டு மயிலாப்பூர் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி காய்ச்ச ஓடிவந்துவிடுகிறேன்.

அந்தக் கஞ்சி விஷயம்தான் எழுத வந்தேன். ஏழாம் நோன்பன்று பூக்கட்டும் சரோஜாதேவியம்மா தூக்கோடு வந்து நிற்கும்போது கஞ்சி காய்ச்சும் தேக்சா காலி. இன்னா பாய், இன்னிக்கும் ஆயிப்போச்சா என்று கேட்டுவிட்டு அந்த அம்மா போய்விட்டது. அதை உன்னிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன், தினமும் முன்னூறு பேருக்குக் கொடுக்கிறோம், ஒருவர் இருவர் விட்டுப்போவது சகஜம் என்றேன். நீ கேட்டது நினைவிருக்கிறதா? அத்தா, முன்னூறுங்கறது உங்க தேக்சாவோட கணக்கு, வந்த ஜனங்களோட கணக்கு இல்ல, வாங்காம திரும்பிப் போனவங்களை யாராவது எண்ணினீங்களா என்றாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பத்தொன்பது வருஷமாகக் கஞ்சி காய்ச்சிப் பழம் தின்று கொட்டை போட்டவனிடம் நேற்று எம்.பி.ஏ. சேர்ந்த பெண் கணக்குக் கேட்கிறதே என்று நினைத்தேன். ஆனாலும் மறுநாள், என்னோடு கஞ்சி வேலை பார்க்கும் கரீமுல்லாவின் கையில் திக்ரு ஓதும்போது எண்ணும் விரல் மெஷினைக் கொடுத்து வாசலில் நிறுத்தினேன். வெறும் பாத்திரத்தோடு போனவர்கள் நாற்பத்தொரு பேர். நீ விடவில்லை, தெரு முனையிலும் ஆள் நிறுத்துங்க, திரும்பி வர்றவங்களைப் பார்த்து அங்கேயே திரும்பிடறவங்க இருப்பாங்க என்றாய். நானே போய் நின்றேன். இருந்தார்கள் சிம்ரா. பள்ளிவாசல் வாசலுக்குக்கூட வராத பதினெட்டுப் பேர்.

அடுப்பு எதிரே நின்ற எனக்குத் தெரியாத ஜனம், ஐந்தாயிரம் மைலுக்கு அப்பால் பனியில் உட்கார்ந்திருக்கும் உனக்கு எப்படித் தெரிந்தது? ஒரு வாரம் நாங்கள் எண்ணி அனுப்பினோம், போன வெள்ளிக்கு முன்னூற்று எண்பதிலிருந்து நானூறு பேர் வரை வருவார்கள் என்றாய். ஒரே எண்ணாகச் சொல்லேன் என்றதற்கு, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லக் கூடாது அத்தா, எவ்வளவு தெரியலைங்கறதையும் சேர்த்துத்தான் சொல்லணும் என்றாய். சாந்தோமில் சர்ச் விருந்துக்கு எடுக்கும் அண்டாவை இரவல் வாங்கி நானூறு பேருக்குக் காய்ச்சினோம். வந்தவர்கள் முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று. சுப்ஹானல்லாஹ் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கரீமுல்லா தண்ணீர் தெளிக்கலாமா என்று யோசித்தாராம்.

நோன்புக்கு முன்னால் நீ என்னிடம் ஒன்று கேட்டாய். எந்தப் பிரிவை எடுக்கட்டும், குவான்ட் என்கிற அந்தக் கணக்குப் பிரிவா, எச்.ஆரா என்று. அறுபது பேரில் நாலே பெண்கள் இருக்கிற இடம் உனக்கெதற்கு, எச்.ஆர். எடு, அதுதான் மனுஷர்களைப் பார்க்கிற படிப்பு, எண் பார்த்துப் பார்த்து மனசு கல்லாகிவிடும் என்றேன். நீ சரி அத்தா என்று மட்டும் சொன்னாய். உண்மையைச் சொல்கிறேன், உன் மனசு கல்லாகும் என்ற பயம் இல்லை அது. நீ படிப்பது எனக்குப் புரியாமல் போய்விட்டால், போனில் சாப்பிட்டியா என்பதற்கு மேல் உன்னிடம் பேச எனக்கு என்ன இருக்கும் என்ற பயம். இப்போது பார், பத்து நாளாக நாம் பேசிய பேச்சு பத்து வருஷத்தில் பேசியதில்லை. இன்னமும் எனக்குப் பாதி புரியவில்லை, புரியாமலே வியப்பாக இருக்கிறது, அது போதும் எனக்கு.

உன் கணக்கைப் பற்றி என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சரோஜாதேவியம்மா நேற்று தூக்கை மூடிக்கொண்டே, பாய், உன் பொண்ணு கைல சொல்லு, தூக்கு ரொம்பிக்கீதுன்னு, என்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு உன் நினைவுதான். என்னிடம் ஆசையாகக் கேட்டு வந்த உன்னையும் நான் வெறும் பாத்திரத்தோடுதானே திருப்பி அனுப்பினேன், அதை நான் எண்ணவேயில்லையே. அதே கேள்வியோடு என்னிடம் திரும்பி வா கண்ணு. குவான்டையே எடு.

அல்லாஹ் உன் அறிவில் பரக்கத்தும் உன் மனசுக்கு ஈரமும் எப்போதும் தரட்டும். விடியலுக்கு முன் சஹருக்கு வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு இருக்காதே, அம்மா கொடுத்த பருப்புப்பொடி இருக்கிறது. படிவம் கொடுக்க வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்றாய், வியாழனே கொடுத்துவிடு.

உன் அத்தா,
பீர் முஹம்மது
மயிலாப்பூர், பத்தொன்பதாம் நோன்பு