வேம்புக்குக் காவி அடித்த வாரம்

18.9.89 திங்கள்

காலையிலேயே புழுக்கம். மலைமேல் மேகம், இங்கே ஒரு சொட்டு இல்லை. வாசல் பெருக்கி நிமிர்வதற்குள் மறுபடி புங்க இலை. இந்தக் காலனியில் வீட்டுக்கு ஒரு மரம், மரத்துக்குத் தினம் ஒரு கூடை இலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து என்னைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம், "ஊட்டி மாதிரில்லா இருக்கு" என்கிறார்கள். ஊட்டியில் யார் பெருக்குகிறார்களோ.

இவர் இருட்டோடு எழுந்து ஓடிவிட்டு வந்து, வேர்வையோடு வாசலில் நின்றார். காபி கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தார். உட்காரச் சொல்ல வேண்டுமோ? சொந்த வீட்டில் ஒருவரை உட்காரச் சொல்வதா? சொல்லவில்லை.

பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஆனிக் கடைசியில் வந்தார். எந்த லீவும் இவ்வளவு நீண்டதில்லை. என் உடம்பு இன்னும் ரயிலுக்குப் புளியோதரை கட்டும் நாளைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டு மங்கம்மா அக்கா கேட் மேல் கையை வைத்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரருக்கு லீவு எப்போ முடியுது?" என்றாள். லீவு இல்லை, ஒரேயடியாக வந்துவிட்டார் என்றேன். "அப்படியா பாவம்" என்றாள். பாவம் யார் என்று சொல்லவில்லை.

வாங்க: து.பருப்பு, நீலம், வசந்திக்கு ரப்பர்பேண்டு, எலிப்பொறி.

சமையலறை டப்பாக்களை இவர் உயர வரிசையில் அடுக்கிவிட்டார். பெருங்காயம் தேடியே சாம்பார் கொதித்து வற்றிவிட்டது. வசந்தி பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "எம்மா, அப்பா என்னையும் வரிசையில நிறுத்திருவாக போல" என்கிறாள். பிளஸ் டூ படிக்கிறாள், வாய் மட்டும் எம்.ஏ.

நேற்று இவருடைய பட்டாளத்துச் சிநேகிதர் சுப்பையா வந்து போனதில் இருந்து எனக்குத் தலை ஓடவில்லை. அவர் கோயம்புத்தூரில் ஒரு பாங்கில் வாசல் காவலுக்கு இருக்கிறார். இன்னொரு ஆள் வேண்டுமாம். துப்பாக்கி உண்டு, தங்க இடம் உண்டு. வார முடிவில் மில் சார் வீட்டுக்குப் போன் போடுவாராம், அதற்குள் முடிவு தெரிய வேண்டும். தெருவில் அவர் வீட்டில்தான் போன்.

இவர் என்னைக் கேட்டார்: "என்ன சொல்லுதே? போகட்டா?"

மாவு பொங்கவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

19.9.89 செவ்வாய்

வெயில். துவைத்தது காய்ந்துவிட்டது.

இவர் கடைவீதிக்குப் போய்க் காவியும் சுண்ணாம்பும் வாங்கி வந்தார். தெருவில் உள்ள மரம் அத்தனைக்கும் இடுப்பளவு காவி, அதற்குமேல் ஒரு சாண் வெள்ளைப் பட்டை. "கண்டோன்மெண்ட்ல எல்லா மரமும் இப்படித்தான் இருக்கும். கரையான் ஏறாது, பாக்கவும் ஒழுங்கா இருக்கும்" என்றார். நம் வாசல் புங்கையில் ஆரம்பித்து, தெருமுனை வேம்பில் முடித்தார். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

உள்ளதைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. தெருவே குளித்துப் பொட்டு வைத்த மாதிரி. இவர் வாளியைக் கழுவும்போது சீட்டியடித்தார். வந்ததில் இருந்து இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

மங்கம்மா அக்கா பாதித் தெலுங்கில்: "ஏமம்மா, எங்க வீட்டு மரத்துக்கும் சேத்தா? இனாமா?"

மில் சார் சாயந்தரம் நடக்க வந்தவர் ஒவ்வொரு மரமாக நின்று பார்த்துக்கொண்டே போனார். ஒரு மில்லில் பெரிய சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், காலனி அசோசியேஷன் செயலாளர். வேம்பின் வெள்ளைப் பட்டையில் விரல் வைத்துப் பார்த்து, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

20.9.89 புதன்

தேவதானத்தில் இருந்து கீரை கொண்டுவரும் அம்மா இன்று தெருமுனையில் கூடையை இறக்கிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். வேம்பைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்புறம் என்னிடம் வந்து, "எப்ப இருந்துத்தா இங்க ஆத்தா வந்திருக்கா? நான் தினம் வாரேன், எனக்குத் தெரியலையே" என்றாள்.

சொல்லிப் பார்த்தேன். "சாமியெல்லாம் இல்லக்கா. எங்க வீட்டுக்காரர் அடிச்ச காவி. பட்டாளத்துப் பழக்கம்."

"ஆரு கையால அடிச்சா என்னத்தா? அவ வரணும்னு இருந்தா வந்திருவா."

இடுப்புப் பையில் இருந்து குங்குமத்தை எடுத்து வெள்ளைப் பட்டையில் அப்பிவிட்டுப் போனாள். முளைக்கீரை, அகத்தி வாங்கினேன். புளிக்கீரை சொன்னது வரவில்லை.

இத்தனை நாள் அது வெறும் வேம்பு. கோவில் சுவர் மாதிரி காவியும் வெள்ளையும் பட்டதும், பார்க்கிறவர் கை தானாகக் குவிகிறது. அவர்களைச் சொல்லி என்ன? தண்ணீருக்குப் போகும்போது என் கையும் பாதி ஏறிவிட்டது. பாதியில் நிறுத்தித் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன்.

இவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "எல்லா மரத்துக்கும் ஒரே மாதிரிதான அடிச்சேன்?" என்று கேட்டுவிட்டுக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

21.9.89 வியாழன்

வேம்படியில் ஒரு கல், மஞ்சள் துணி, அகல் விளக்கு. யாரோ வெள்ளைப் பட்டையில் நாமமும் போட்டுவிட்டார்கள். புரட்டாசி மாசம், கேட்கவா வேண்டும்? மங்கம்மா அக்கா பெருமாள் என்கிறாள். பூக்காரி அம்மன் என்கிறாள். ரெண்டு பேரும் நம் வாசலில் நின்றுதான் சண்டை.

சாப்பாட்டு நேரத்துக்கு மில் சார் வந்தார், கூட அசோசியேஷன் ஆள் ஒருவர். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

"காலனின்னு நம்பி இடம் வாங்குனோம். இன்னைக்கு விளக்கு, நாளைக்கு உண்டியல், பொறவு மைக்செட். சாமி குடிவந்த தெருவில எவன் நல்ல விலைக்கு வாங்குவான்? நீங்களே அழிச்சிருங்க."

இவர் வாளியும் தேங்காய்நாரும் எடுத்துக்கொண்டு போனார். மங்கம்மா அக்கா ஓடிவந்து மறித்தாள். "குங்குமம் வச்சதையா தேய்ப்பீங்க? வயசுப் பொண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு?"

இவர் வாளியோடு நின்றார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நீங்கதான் செயலாளர். நீங்க அழிங்க" என்றேன். மில் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட வந்தவர் மலையைப் பார்த்தார். ஒருத்தர் கையும் நீளவில்லை.

போகும்போது மில் சார் சொன்னது: "வந்து மூணு மாசம் ஆகல. அதுக்குள்ள தெருவையே மாத்திட்டீக. நாங்க இங்க வருசக்கணக்கா இருக்கோம்."

இந்த வீட்டைக் கட்டியது இவர் சம்பளத்தில். அஸ்திவாரம் தோண்டியபோது பதான்கோட்டில் இருந்தார், கிரகப்பிரவேசத்துக்கு லீவு கிடைக்கவில்லை. ஆனாலும் மில் சார் சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதுதான் கோபம். யார்மேல் என்று தெரியாத கோபம்.

இவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

22.9.89 வெள்ளி

செத்த நேரம் தூறல். கொடியில் இருந்த துணியை எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

வேம்படியில் பொங்கல். பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் இந்தத் தெருவில் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை. நான் வந்த புதிதில் இந்த அமைதி பயமாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதியில் ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் நூறு ஆயுசு சொல்வார்கள். இங்கே இலை விழுகிற சத்தம் கேட்கும். அப்புறம் அதுவே பழகி, பிடித்தும் போயிற்று. இன்று சத்தம் கேட்டதும் சந்தோஷமா, எரிச்சலா? ரெண்டும்.

வ.வுக்குக் கணக்குப் பரீட்சை. எழுதினாளாம். எப்படி என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள்.

இவர் கொல்லையில் துவைகல்மேல் உட்கார்ந்திருந்தார். "எனக்கு இங்க ஒண்ணும் பிடிபடலை கோதை. ஒரு மரத்தைத் தொட்டா அம்புட்டுப் பேரும் வாராங்க. அங்க போனா டூட்டின்னு ஒண்ணு இருக்கும். போகட்டா?"

வசந்தியைக் கேளுங்கள் என்றேன். அவளைக் கேட்டாராம். அம்மாவைக் கேளுங்கள் என்றாளாம்.

எழுதிப் பார்த்தால் தெளியுமா? போனால்: டப்பாக்கள் இருந்த இடத்தில் இருக்கும். ராத்திரி ரேடியோ எனக்கு. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். மறுபடி வாரத்துக்கு ஒரு கடிதம், மறுபடி தை மாசம் வருவார், மறுபடி ரயிலடி. இருந்தால்: இருந்தால் என்ன என்று எழுத வரவில்லை. இவர் இல்லாதபோது இவரோடு எவ்வளவோ பேசியிருக்கிறேன், அடுப்படியில், பஸ்ஸில், குளிக்கும்போதுகூட. ஆள் எதிரே வந்து நின்றால் மாவைப் பற்றித்தான் பேச வருகிறது. பிரியம் இல்லை என்று இல்லை. இவரைப் பிரிந்து இருக்கத் தெரியும், கூட இருக்கத் தெரியவில்லை.

23.9.89 சனி

முதல் புரட்டாசிச் சனி. இவரும் வ.வும் விடியற்காலைப் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போனார்கள். எனக்கு முழங்கால் வலி, மலைப்படி ஏற முடியாது.

பத்து மணி வாக்கில் மில் சார் வீட்டில் இருந்து கூப்பிட்டார்கள். சுப்பையா போனில். மில் சார் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே சோபாவில். பேப்பரில் கண் இல்லை.

"என்னத்தா, வாரானா? திங்கக்கிழமை ஆளைக் காட்டணும்."

அவர் கோவிலுக்குப் போயிருக்கிறார், வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மில் சார் மெதுவாக, "போயிருவாருல்லம்மா? அதான் அவருக்கும் நல்லது" என்றார்.

"வரலண்ணே. அவுக வரல. வேற ஆளைப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தேன். இவரை நினைத்துச் சொன்னேனா, மில் சார் முகத்தைப் பார்த்துச் சொன்னேனா? ஆயிரம் தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன்.

சாயந்தரம் துளசியும் வேர்வையுமாக வந்தார்கள். நல்ல கூட்டமாம். வ. வாங்கிய வளையல் அதற்குள் ஒன்று உடைந்தாயிற்று. சுப்பையா விஷயம் சொல்லவில்லை. சொல்ல வாய் எடுத்தேன், "சாப்பிடுதீகளா?" என்றுதான் வந்தது.

24.9.89 ஞாயிறு

மூட்டம். பால் திரிந்துவிட்டது.

இவர் காலையிலேயே சட்டை தேய்த்துப் போட்டு, மீசை கத்தரித்து, கேட்டுக்கு வெளியில் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். "மில் சார் வீட்டுல போய் நானே சுப்பையாவுக்குப் போன் போட்டு வாரேன்னு சொல்லிருதேன். சார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டா மனத்தாங்கல் தீந்துரும்."

பின்னாலேயே ஓடினேன். கையில் கரண்டி. நேற்றே சுப்பையா பேசிவிட்டார், வரவில்லை என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தார். "என்னைக் கேக்காம நீ எப்படிச் சொல்லலாம்?"

"ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டா ரயிலேறுனீக?"

சொன்னபிறகுதான் எவ்வளவு நாளாக அது உள்ளே கிடந்தது என்று தெரிந்தது. மங்கம்மா அக்கா வீட்டு ஜன்னல் திரை ஆடியது. ஆடட்டும்.

இவர் வெளியில், நான் உள்ளே, நடுவில் கேட். மெதுவாகக் கேட்டார். "என்னைய இருக்கச் சொல்லுதியா? இல்ல, போகாதன்னு மட்டும் சொல்லுதியா?"

ரெண்டும் ஒன்றுதானே என்று சொல்லப் போனேன். இல்லை. ஒன்று இல்லை. அவர் சரியாகத்தான் கேட்கிறார்.

"போக வேண்டாம்ங்கிறது தெரியுது. மத்தது எனக்கு இன்னும் தெரியலை. நீங்க இருந்தாத்தான தெரியும்?"

தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே நின்றார். கண் கலங்கிற்றோ, மூட்டத்தில் எனக்கு அப்படித் தெரிந்ததோ.

"அப்ப இன்னைக்கு நான் என்ன செய்யட்டும்?"

"மொதல்ல உள்ள வாங்க" என்றேன்.