மச்சான் பிடித்த கயிறு

அன்பு மச்சான்,

உன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். உன் தங்கை அடுப்படியில் மீன்குழம்புக்குப் புளி கரைக்கிறாள். அவளை அழ வைக்காமல் உன்னிடம் பேச எனக்கு வேறு வழியில்லை.

நாம் சங்கு குளிக்கப் போன காலமே மனசில் ஓடுகிறது. கடலடிக்கு மூழ்குகிறவனின் இடுப்புக் கயிறு படகில் மச்சான் கையில்தான் இருக்க வேண்டும் என்பது நம் கடற்கரை வழக்கம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்? இறங்குமுன் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பேன், பதிலுக்கு நீ இழுப்பாய். கொஞ்சம் தாமதித்து மேலே வந்தால் திட்டு விழும்: “ஏலே, அங்கன குடும்பமா நடத்துத?” அந்தத் திட்டுக்கு இப்போது ஏங்குகிறேன்.

என் ஈரல் கெட்டபோது உன் ஈரலில் ஒரு பங்கைத் தர வந்தாய். மனைவியின் அண்ணன் நெருங்கிய உறவில்லையே என்று உறுப்பு மாற்றுக்கான அனுமதிக் குழு யோசித்தது. “கடல்ல இவன் கயிறு எங் கையிலதான் சார் இருக்கும். இதுக்கு மேல என்ன உறவு வேணும்?” என்றாய். அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

நீ தந்தது எனக்குள் நன்றாக இருக்க, உன்னை ஒரு நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது. இது என்ன நியாயம் மச்சான்?

இப்போதைய செய்தியைச் சொல்கிறேன். உன் ஈரலை வைத்தபோது போட்ட பெரிய தையல் தழும்பு நெகிழ்ந்து குடல் பிதுங்கிவிட்டது. உன் ஈரலை என் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க நான் சாப்பிடும் மாத்திரைகளால் புண் ஆறத் தாமதமாகும், அதனால் மறுபடி வயிற்றைக் கிழிக்காமல் சின்னத் துளைகள் வழியே கேமராவை விட்டு, வலை வைத்துத் தைக்கலாம் என்றார் மதுரை டாக்டர். வயிற்றுக்குள்ளும் வலைதானா என்று நீ கேலி செய்திருப்பாய். ஆனால் உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடக்கும், ஈரலும் பக்கத்திலேயே இருக்கிறது என்றார். எனக்கு உயிர்ப்பயம். உன் தங்கைக்கு வேறு பயம்.

“எங்க அண்ணன்ல மிச்சம் இருக்கது அது ஒண்ணுதான் டாக்டர். பாத்துச் செய்ங்க.”

மயக்க மருந்து ஏறும்போது பழக்கத்தில் போர்வை நுனியை இழுத்தேன். பதில் இழுப்பு வரவில்லை.

துளைகளிலேயே வேலை முடிந்தது. மறுநாள் டாக்டர் உள்ளே எடுத்த வீடியோவை லேப்டாப்பில் காட்டினார். அடர்சிவப்பாய் மினுமினுத்துக்கொண்டு, என் மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது உன் ஈரல். உன் தங்கை திரையில் கைவைத்தாள்.

“அண்ணே, நல்லாருக்கியா?”

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாய்விட்டு அழுதேன், தையல் வலித்தது.

நேரம் தவறாமல் மாத்திரை போடுகிறேன், இனியும் போடுவேன். இப்போது கயிறு என் கையில் மச்சான். விட மாட்டேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
உன் மச்சான்.