நீலப் பெட்டி மஞ்சுவுக்கு

நைனா,

நீ அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை. குழம்பு அடுப்பு மேலேயே இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. நான் திண்டிவனம் போகிறேன். அங்கே காலேஜில் தமிழ் மீடியம் பொருளாதாரத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு சாயந்திரம் வந்துவிடுவேன்.

மதியம் மஞ்சு வருவாள். எனக்கென்று நீ வாங்கிய நீலப் பெட்டியை அவளிடம் கொடுத்துவிடு. சென்னையில் பன்னாட்டுப் பொருளாதாரம் படிக்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அப்ளை செய்தோம். நேற்று வந்த கடைசி லிஸ்ட்டில் அவள் பேர் இருக்கிறது, என் பேர் இல்லை. ஹாஸ்டலுக்குக் கொண்டுபோக அவளிடம் பெட்டி கிடையாது. "எம் பொண்ணுக்கு மட்டும் ஏன் கெடைக்கல" என்று அவளிடம் ஆரம்பிக்காதே. நேற்று என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள். ஒரு டீ போட்டுக் கொடு.

ராத்திரி நீ, "வெளிநாட்டு வியாபாரத்தப் படிச்சு இன்னா பண்ணப் போற, வுடும்மா" என்றாய். ஆறுதலுக்குத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் வருஷம் முழுக்கத் தெருவெல்லாம் "எம் பொண்ணு சீட்டு வாங்கிடுவா" என்று சொன்ன வாய் அது. அதைத் தாங்க முடியாமல்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.

அன்புக்கரசி

பி.கு: பெட்டி மூடியில் நீ எழுதிய என் பேரை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். நீ லாரிக்குப் பேர் எழுதுகிற பெயிண்ட் இல்லையா, அழியவே மாட்டேன் என்கிறது. அதை அழிக்க நீ பெயிண்ட் தின்னரை எடுத்துக்கொண்டு உட்காராதே. போனில் சொன்னதற்கு மஞ்சு, "இருக்கட்டும்டி" என்றாள்.

என் பேராவது அந்தக் காலேஜுக்குப் போகட்டும், நைனா.