கொஞ்சம் லூசா இருக்கட்டும்

என்னங்க,

பத்திரமாக வந்து சேர்ந்து நாலு நாளாகிறது. அங்கே நீங்கள் குளிரில் சுருண்டு கிடப்பீர்கள். இங்கே டிசம்பரிலும் மின்விசிறி வேண்டியிருக்கிறது.

போன வருடம் நீங்கள் எழுதிய பட்டியலைக் கையோடு கொண்டுவந்தேன். கலங்கரை விளக்கம் ஏறுவது, சைக்கிளில் தீவைச் சுற்றுவது, கண்ணாடித் தரை வைத்த படகில் மீன் பார்ப்பது. மூன்றுக்கும் நம் பையன் பென்சிலால் டிக் அடித்திருக்கிறான். நான்காவது, துடுப்புப் படகு. அதற்கு எதிரே ஒன்றுமில்லை.

கண்ணாடிப் படகில் தினமும் போகிறேன். "அதே மீனுங்கதானேம்மா, அப்படி என்னதான் பாக்குறீங்க?" என்று படகுக்காரர் இன்று கேட்டேவிட்டார். சும்மாதான் என்றேன்.

"நான்தானே அவனைத் தனியா போடான்னு அனுப்பினேன்" என்று ஒரு வருடமாக நீங்கள் தலையில் அடித்துக்கொள்கிறீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

அன்று நீங்கள் டிக்கெட் வாங்கப் போயிருந்தீர்கள். படகுக் கடைக்காரர் அவனுக்கு லைஃப் ஜாக்கெட்டைச் சரியாகத்தான் இறுக்கிக் கட்டினார். "இறுக்குதும்மா" என்றான். நம் தையல் கடையில் அளவெடுக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வேனே, அதையே சொன்னேன். "வளர்ற பிள்ளை, கொஞ்சம் லூசா இருக்கட்டும்." சொல்லிக்கொண்டே இரண்டு பக்கமும் வாரைத் தளர்த்திவிட்டேன்.

ஜாக்கெட் மட்டும்தான் கரைக்கு வந்தது. அது எப்படிக் கழன்றது என்று நீங்கள் கேட்காத ஆளில்லை.

என்னை மட்டும்தான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அவன் அம்மா