ஐம்பத்து நான்கு இதயங்கள்

2025 ஓகஸ்ட் 3, ஞாயிறு

ஐந்து நாள் ஆலோசனைகளுக்குப் பிறகு, இன்று பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு, தையல் நூலின் நிறம் சாம்பல் என்று தீர்மானிக்கப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நானும் ஹிமாயாவும் ஆதரித்தோம். என் அக்கா றாஹிலா ராத்தா கதிரையில் உறங்கிக்கொண்டிருந்தபடியால் எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை.

வெள்ளை நூல் நீலத்தில் பல்லைக் காட்டும். கறுப்பு நூல், மஞ்சள் துண்டின்மேல் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். சாம்பல் எதிலும் தலையிடாது. இந்தக் குணமுள்ள மனிதர்களை முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் தேடினேன்.

போர்வை ஹிமாயாவுடையது. ராத்தாவின் மகள், அக்கரைப்பற்றில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. மருதமுனைத் தறிகளில் கழித்துவிட்ட துண்டுகளைச் சேர்த்து, இரண்டு வருடமாக, கருநீலத் தரையில் இருபது நட்சத்திரங்கள் ஒட்டியிருக்கிறாள். ஒரு முனைகூட மழுங்கவில்லை. இனி அடியில் பஞ்சையும் அதற்கடியில் ஒரு துணியையும் வைத்து, மூன்றையும் சேர்த்துத் தைக்க வேண்டும். அது என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு நான் செய்த ஒரே ஆடம்பரம் பின்னறையை அடைத்து நிற்கும் அந்தத் தையல் மெசின்தான். துணியை நீளச் சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டு, மெசினைக் கைப்பிடியில் பிடித்து நாம்தான் நடத்திக்கொண்டு போகவேண்டும். மாடு மாதிரி; ஆனால் சொன்னால் கேட்கும்.

ஹிமாயாவின் நிக்காஹுக்கு இன்னும் எட்டுக் கிழமை, இரண்டு மாதமளவில், இருக்கிறது.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

நூல் விஷயம் முடிந்தது. என்ன டிசைன் தைப்பது?

தெளிந்த பிளாஸ்டிக் தாளைப் போர்வைமேல் விரித்து மார்க்கரால் வரைந்து வரைந்து பார்த்தோம். வட்டங்கள்: நட்சத்திரங்கள்மேல் டயர் ஏறியதுபோல் இருந்தது. மீன் செதில்: கரைவலையில் வந்த சரக்கு. நெருக்கமான சுருள்: அழகுதான், ஆனால் அவ்வளவு நெருக்கித் தைத்தால் போர்வை மட்டையாகிவிடும், போர்த்துக்கொள்ள முடியாது, சாத்தி வைக்கலாம்.

கடைசியில் இலைக்கொடி. எனக்குப் பிடித்திருந்தது. ஹிமாயா தலையைச் சரித்துப் பார்த்தாள்.

“கொடி நல்லம் சாச்சி. ஆனா...”

“ஆனா?”

“தெரியா. என்னமோ ஒண்டு.”

இதை நான் விமர்சனமாக ஏற்கவில்லை.

ஓகஸ்ட் 8, வெள்ளி

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு வான், ஐந்து பேர். மாப்பிள்ளை நம் வீட்டுக்கு வந்து வாழப்போகிறவர் என்பதால் அவர் படுக்கும் அறையை முன்கூட்டியே பரிசோதிப்பது முறை. தலைமை தாங்கியவர் மாப்பிள்ளையின் ராத்தா நஸ்லா. மெத்தையை முழங்காலால் அமுக்கிப் பார்த்தாள். ஏசியைப் போட்டு அதன் கீழே நின்றாள். அலுமாரியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு யாரும் அழைக்காமலே பின்னறைக்கு வந்தாள்.

“என்ன ரீச்சர், மேலால ஒண்டும் போடல்லையா?”

“போடத்தான் இரிக்கி. இலைக்கொடி.”

“இலையா? புள்ளையளுக்குக் கலியாணம் கா. தோட்டம் செய்யவா போறாங்க?”

வந்தவர்கள் சிரித்தார்கள். ராத்தாவும் சிரித்தா — என் கூடப்பிறந்தவள்!

நஸ்லா போனை எடுத்துக் காட்டினாள். வரிசை வரிசையாக இதயங்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் இரண்டு ஆங்கில எழுத்து. றினாஸுக்கு ஆர், ஹிமாயாவுக்கு எச். தங்க நூல்.

“முழுக்கப் போடுங்க. ஒரு இடமும் விடாம.”

“நட்சத்திரத்துக்கு மேலாலயும்?”

“பின்ன? தெரியணுமே. எங்கட தம்பி படுக்கப் போற கட்டிலெல்லோ.”

ஓகஸ்ட் 9, சனி

கணக்கைச் சரியாக எழுதிவைப்போம். வீடு ஹிமாயாவின் பெயரில். கட்டில் அவளுடைய வாப்பா செய்வித்தது. ஏசி நாங்கள் பூட்டியது. போர்வை அவளே தைத்தது. தம்பி மட்டும் அவர்களுடையவர்.

அந்தத் தம்பிக்கு முப்பது வயது. நீர்ப்பாசனக் கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். இதுவரை எங்கள் வீட்டில் அவர் பேசியவை: “அஸ்ஸலாமு அலைக்கும்.” “சீனி காணும், போதும்.” மற்ற எல்லா விஷயங்களிலும் அவருடைய கருத்தை அவர் ராத்தா நஸ்லா வெளியிடுவாள்.

உம்மா இல்லாத பிள்ளையை நஸ்லாதான் வளர்த்தாள் என்கிறார்கள். பெரிய காரியம். நான் மறுக்கவில்லை. வளர்த்து முடிந்துவிட்டது என்பதை யாராவது அவளுக்கு அறிவித்தால் நல்லது.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

தோற்றுவிட்டேன்.

ராத்தா காலையிலேயே வந்து சட்டத்தின் பக்கத்தில் குந்திக்கொண்டா. “இதயம்தானே கேக்காங்க முஸ்பிறா? பாம்பா போடச் சொன்னாங்க? ஒரு தையலுக்காக என்ட புள்ளட வாழ்க்கையைக் கெடுத்திராத.”

ஹிமாயாவைப் பார்த்தேன். அவள் வேலைக்குப் போகும் அவசரத்தில் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். “போடுங்க சாச்சி,” என்றாள். “உம்மா அழுறா.”

போட்டேன். வரிசைக்கு ஒன்பது. காகிதத்தில் வரைந்த கோட்டை மெசினின் சிவப்பு வெளிச்சப் புள்ளி தொடரும். அந்தப் புள்ளியை நான் தொடர்வேன். முதல் வரிசையில் தங்க நூல் பதினொரு தடவை அறுந்தது. அதற்குக்கூட ரோசம் இருக்கிறது.

மேல் வரிசையில் நான்கு நட்சத்திரங்கள். அதில் மூன்றின் நடு நெஞ்சால் இதயத்தின் விளிம்பு போகிறது. கிட்ட நின்று பார்த்தால் எழுத்து. எட்ட நின்று பார்த்தால் யாரோ கோபத்தில் கிறுக்கியதுபோல.

ஓகஸ்ட் 14, வியாழன்

இருபத்தேழு இதயங்கள். ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்கிறது. பஸ்ஸெல்லாம் ஒதுங்கித்தான் போகின்றன. நெல்லுக்குள்ள மரியாதை.

ஓகஸ்ட் 18, திங்கள்

ஐம்பத்து நான்கு. நிறுத்திவிட்டேன்.

நஸ்லா படம் கேட்டிருந்தாள், அனுப்பினேன். பதிலுக்கு இரண்டு குரல் பதிவுகள் வந்தன. முதலாவது: “வடிவா இரிக்கி ரீச்சர், மாஷா அல்லாஹ். மிச்சத்துக்கு ஆர கொஞ்சம் பெரிசா, எச்ச கொஞ்சம் சின்னனாப் போட்டா இன்னும் நல்லம்.”

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மனிதர் தன் கொள்கையை இவ்வளவு சுருக்கமாக வெளியிட்டதைக் கேட்டு வெகு நாளாகிறது.

இரண்டாவது: “இன்னொண்டு. கலியாணத்துக்குப் புறகு மகள் வேலைக்குப் போற கதை வேணா. தம்பிட சம்பளம் காணும். உங்கட ராத்தாக்கிட்ட சொல்லிருங்க.”

கோபம் இப்போது வந்தது. என்ன கதை இது? ஆய்வுகூடத்து வேலைக்காக அந்தப் பிள்ளை ஐந்து வருடம் வீட்டைவிட்டுப் போய்ப் படிச்சிரிக்கி. அதை ஒரு குரல் பதிவில், அதுவும் இரண்டாவதில், “இன்னொண்டு” எண்டு! எழுத்தின் அளவுக்குக் கொடுத்த இடம்கூட இதுக்கு இல்ல.

ஹிமாயா முழுவதையும் கேட்டாள். மெசினின் சுவிட்சை அவள்தான் அணைத்தாள்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்

ஹிமாயா சொன்னது: “சாச்சி, எல்லாம் அவர்ட ராத்தாதான் சொல்றா. அவர் என்ன நினைக்கார் எண்டு நான் ஒரு நாளும் கேக்கல்ல. ஒரு கேள்வி கேக்கப் போறன். சின்னக் கேள்விதான்.”

போர்வையைப் படம் எடுத்தாள். இதயம் போட்ட பக்கம் ஒன்று. வெறும் பக்கத்தில் என் இலைக்கொடித் தாளை விரித்து இன்னொன்று. உம்மாவை வைத்துக்கொண்டே, றினாஸுக்கு அனுப்பினாள்: “இதில உங்களுக்கு எது புடிக்கும்?”

பார்த்துவிட்டார் என்று நீலக்குறி வந்தது. அதற்குப் பிறகு நான்கு மணித்தியாலமாக நீர்ப்பாசனக் கந்தோர் யோசித்துக்கொண்டிருக்கிறது.

ஓகஸ்ட் 20, புதன்

காலையில் பதில். குரல். அந்தக் குரலில் ஐந்து சொல்லுக்கு மேல் நாங்கள் கேட்பது இதுதான் முதல் தடவை. ஆகவே மூன்று தடவை கேட்டோம்.

“ரெண்டும் சரி வராது. நீங்க ஒட்டிரிக்கிற நட்சத்திரம் வயல்ல வரம்பு மாதிரி. தையல் வரம்ப ஒட்டித்தான் போகணும். நேர்க்கோடு, நட்சத்திரத்திட ஓரத்த ஒட்டி ஒண்டு, விரல் அகலம் விட்டு இன்னொண்டு, அப்பிடியே விரிஞ்சு விரிஞ்சு அடுத்த நட்சத்திரத்திட கோட்டோட சேரட்டும். நடுவால வெட்டினா வரம்பும் போச்சு, வயலும் போச்சு.”

ஹிமாயா ஒரு பென்சிலை எடுத்துத் தாளில் நாலு கோடு போட்டாள். நான் பார்த்தேன். பிறகு என் இலைக்கொடியைப் பார்த்தேன். எழுதுவதற்குக் கை வரவில்லை, எழுதுகிறேன்: என் கொடி தவறு. ஹிமாயாவின் “என்னமோ ஒண்டு” இதுதான். இருபது முனைகூர்ந்த நட்சத்திரங்களுக்கு நடுவில் இலை என்ன செய்கிறது?

அவள் முகத்தில் வந்த சிரிப்பை இந்த நிச்சயம் நடந்த நாளிலிருந்து நான் காணவில்லை.

குரல் பதிவு அதோடு முடியவில்லை. சின்ன இடைவெளி. ஒரு செருமல். பிறகு: “நான் சொன்னனெண்டு ராத்தாக்கிட்ட சொல்லிராதீங்க.”

ஓகஸ்ட் 20, பிற்பகல்

மெய்யாகவே தெரியாத மனிதனை நான் மன்னிப்பேன். தெரியாதவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். முப்பத்தொரு வருடம் அதைத்தான் செய்தேன். ஆனா தெரிஞ்சவன்! கண்ணுக்கு முன்னால சரி எது எண்டு அந்தளவுக்குத் தெளிவாத் தெரிஞ்சவன்! அவன் எங்களோட சேர்ந்து ஒளிச்சு விளையாடவா கேக்கான்? போர்வைக்கே இப்படியெண்டா, வேலை விசயத்துல என்ன செய்வான்? “நீங்க போங்க, ராத்தாக்கிட்ட சொல்லிராதீங்க” எண்டா?

ஒவ்வொரு நாளும் பஸ் ஏறுறத எப்படி ஒளிக்கிறது?

ஓகஸ்ட் 21, வியாழன்

ஹிமாயா பதில் அனுப்பினாள். எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினேன், வேறு எதையும் தொடவில்லை.

“நீங்க சொன்னதுதான் சரி. அதை ராத்தாக்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் வேலைய விடமாட்டன் எண்டதையும் சொல்லுங்க. நாளைக்குள்ள.”

ஒரு கட்டில் விரிப்பின் தலையில் ஒரு கல்யாணத்தை ஏற்றுகிறோமா? நான்தான் மூட்டிவிட்டேனா? என் ராத்தா அப்படித்தான் நினைக்கிறா. நேற்றிலிருந்து என்னோடு கதையில்லை. அடுக்களையிலிருந்து கறியை மட்டும் மூடி வைத்து அனுப்புகிறா.

ஓகஸ்ட் 22, வெள்ளி

ஜும்ஆ முடிந்தது. போன் வரவில்லை. அஸர். இல்லை. இருட்டி மஃரிப். இல்லை.

ஓகஸ்ட் 23, சனி

பத்து மணிக்கு அழைப்பு. நஸ்லா. என் கை முழுக்க மெசின் எண்ணெய், ஹிமாயா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

“ரீச்சர், மிச்ச இதயம் எத்தன நாளாகும்? நேத்து பின்னேரம் தம்பி வந்து போர்வையப் பத்திக் கேட்டான். எப்பிடிடா இரிக்கி எண்டு படத்தக் காட்டினன். அவனுக்கும் இதயம்தானாம் புடிச்சிரிக்கி.”

நான் வாயைத் திறந்தேன். ஹிமாயா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“மாமி,” என்றாள், வளர்த்தவள் என்ற மரியாதையோடு. “வேலையப் பத்தி ஒண்டும் சொன்னாரா?”

“வேலையா? அவன் என்னத்தச் சொல்ற? அதான் நான் சொல்லிட்டனே மகள்.”

“ஓம் மாமி. வெக்கிறன்.”

சட்டத்தின் கீழே உருண்டு கிடந்த நூல்கட்டையை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, உம்மாவிடம் போய், இந்தக் கல்யாணம் வேண்டாமென்று சொன்னாள். ராத்தாவின் சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவளுடைய வாப்பா மீராசா மச்சான் நெல் வெட்டு நடக்கும் வயலிலிருந்து வந்தார். காலில் சேறு. எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். அவர் கேட்டது ஒன்றுதான்: “முடிவா புள்ள?”

“ஓம் வாப்பா.”

காலைக் கழுவி, வேறு சாரன் உடுத்து, அட்டாளைச்சேனைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். றினாஸ் வீட்டில்தான் இருந்தாராம். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாராம். சீனி போட்டிருந்ததா என்று நான் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 26, செவ்வாய்

ஊரில் எங்களுக்குப் புதுப் பெயர். “போர்வைக்காகக் கலியாணத்த நிப்பாட்டின வீடு.” மீன் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி என்னிடமே விசாரித்தாள்: “மெய்யா ரீச்சர், கலர் புடிக்காமயா?” கலர் இல்லை, டிசைன் என்று திருத்தினேன். தவறான தகவல் பரவுவது எனக்குப் பிடிக்காது.

ஓகஸ்ட் 30, சனி

பிரிப்பு. தைக்க ஐந்து நிமிடம் எடுத்த இதயத்தைப் பிரிக்க அரை மணித்தியாலம். சின்னக் கத்தியால் நாலு தையலுக்கு ஒன்றை வெட்டி, பின்பக்கத்து நூலை இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் துணி கிழியும்.

மூன்றாம் வரிசையில் ராத்தா வந்தா. பத்து நாளைக்குப் பிறகு என்னோடு முதல் கதை:

“எச் அவளுட எழுத்து. ஆர் என்ட பேருக்கும்தானே வரும். எழுத்த விட்டுட்டு இதயத்த மட்டும் பிரியேன், வேலை மிச்சம்.”

ஹிமாயாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது ராத்தாதான். பிறகு அழுதா. பிறகு ஒரு கத்தியைக் கேட்டு வாங்கி, ஆறாம் வரிசையின் அடுத்த பக்கத்திலிருந்து தொடங்கினா.

தங்க நூலுக்குத் தடித்த ஊசி போட்டதால் ஓட்டைகள் தெரிகின்றன. கழுவினால் பாதி அடைபடும்.

செப்டெம்பர் 4, வியாழன்

நஸ்லாவிடமிருந்து குரல் பதிவு. திறக்கவில்லை. நீளம் ஆறு நிமிடம். அதில் எத்தனை “இன்னொண்டு” இருக்கிறதோ.

செப்டெம்பர் 7, ஞாயிறு

கோடுகள் போடத் தொடங்கினேன். சாம்பல் நூல். நட்சத்திரத்தின் ஓரத்தை ஒட்டி ஒன்று, விரல் அகலம் விட்டு இன்னொன்று. வேறு டிசைன் தேடலாமே என்று ஒரு கணம் நினைத்தேன் — ரோசத்துக்காக. ஹிமாயா சொன்னாள், “சரியானது சரிதானே சாச்சி.” அவளுக்கு எங்கிருந்து வந்தது இந்த நிதானம்? என்னிடமிருந்து இல்லை.

செப்டெம்பர் 16, செவ்வாய்

போர்வை முடிந்தது. ஹிமாயா கல்யாணத்துக்கு எடுத்திருந்த பத்து நாள் லீவு வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாள். ஆய்வுகூடத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.