மூன்று முறை கூவப்பட்ட கடவுச்சொல்

அனுப்புநர்
மு. சின்னப்பன் (வயது 57),
எட்டாம் வகுப்பு வரை பள்ளியிலும் அதற்கு மேல் சொந்த முயற்சியிலும் படித்தவர்,
நடுத்திட்டுக்குப்பம், பழவேற்காடு அஞ்சல்,
பொன்னேரி வட்டம்.

பெறுநர்
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
பொன்னேரி.

பொருள்: எங்கள் ஊர்ச் சங்கக் கணினியின் கடவுச்சொல் ஊரறியக் கூவப்பட்டதால், கணவரை இழந்த என் அக்காள் மகள் வினோதினியின் பெயர் மீன்பிடி வரிசையிலிருந்து அழிக்கப்பட்டது – மீட்டுத்தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன் என்பதை முதற்கண் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். 2015 வெள்ளத்தையும் ரேடியோ சொல்வதற்கு மூன்று நாள் முன்பே சொன்னவன் நான். அப்போது வந்த பெரிய அதிகாரி ஒருவர் என் கையைக் குலுக்கி, என்னைப் போல் ஊருக்கு ஒருவர் இருந்தால் அரசாங்கத்துக்கு வேலையே இல்லை என்றார். அது கிடக்கட்டும்.

2. ஏரியில் இறால் படும் நல்ல இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு வரிசை பிரிப்பதை நாங்கள் பாடு என்போம். சீட்டை எடுத்தவர் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, அதில் உள்ள பெயரை மூன்று முறை கூவ வேண்டும். கூவாத சீட்டு எங்கள் ஊரில் செல்லாது. வினோதினியின் கணவர் விஜய் சென்ற தை மாதம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து இறந்தார். அவருடைய பதினான்காம் பாடு மனைவி பெயரில் ஓடட்டும், அவள் ஆள் வைத்து வலை கட்டிக்கொள்ளட்டும் என்று ஊர் கூடி ஒப்புக்கொண்டது. அதற்காக அரை மணி நேரம் பேசியவன் அடியேன். அன்று கண் கலங்காதவர் ஒருவரும் இல்லை.

3. பாடு எழுதிய பழைய நோட்டைக் கரையான் தின்றுவிட்டதால், வரிசை முழுவதும் சங்கத்துக் கணினியில் ஏற்றப்பட்டது. இனிமேல் அதில் உள்ளதுதான் செல்லும் என்றும் முடிவானது. யாரும் அதில் கை வைக்காதபடி பூட்டுப் போட, பொன்னேரியில் கணினி படித்த எங்கள் ஊர்ப் பெண் சுதா முன்வந்தார். 15.09.2024 ஞாயிறு அன்று ஊரே சுற்றி நிற்க, அந்தப் பெண் கடவுச்சொல்லை ஒருமுறை அடித்து, சரிபார்க்க மறுமுறையும் அடித்தார். திரையில் எழுத்து விழவில்லை, கறுப்புப் புள்ளிகள்தான் விழுந்தன. உடனே கூட்டத்தில் ஒருவர், "இன்னாம்மா இது, புள்ளி புள்ளியா வெச்சா ஊருக்கு இன்னா தெரியும்? கூவு!" என்று குரல் கொடுத்தார். கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லக்கூடாது என்று சுதா கெஞ்சினார். ஊருக்கு மறைத்து ஒரு வார்த்தையா என்று எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அந்தப் பெண் அழாத குறையாக மூன்று முறை கூவினார். போதாததற்குச் சுவரில் சாக்பீசாலும் எழுதிவைத்தார்கள். இது சீட்டு இல்லை ஐயா, சாவி என்று நான் ஒருவன்தான் தடுத்துப் பேசினேன். யார் கேட்டார்கள்?

4. அந்தச் சொல்லை இங்கே எழுதினால் தபால்காரர் வரை தெரிந்துவிடும் என்பதால் எழுதவில்லை. எங்கள் ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

5. 20.11.2024 அன்று சங்கத்தில் வரிசையை அச்செடுத்து ஒட்டினார்கள். பதினான்காம் இடத்தில் வினோதினி பெயர் இல்லை. அங்கே சங்கச் செயலாளர் தருமலிங்கத்தின் மருமகன் மனோஜ் பெயர் இருந்தது. கேட்டதற்கு, "கம்ப்யூட்டர்ல இன்னா இருக்குதோ அதான்" என்றார் செயலாளர். மாற்றியது யார் என்று என்னால் சொல்ல முடியவில்லை. சாவி ஊர் முழுக்க இருக்கும்போது யாரைக் கைகாட்டுவது? ஆனால் அந்த இடத்தில் யார் பெயர் இருந்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அன்று கண் கலங்கியவர்கள் இன்று என்னைக் கண்டால் வலையைக் குனிந்து பார்த்துக்கொள்கிறார்கள். "செத்தவன் பாடு செத்தவனோட போச்சு, வுடுப்பா" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

6. இப்போது வினோதினி கழுத்தளவு நீரில் இறங்கி, கூடையை வாயில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கிறாள். அந்த வேலைக்குப் பிறந்து பழகியவர்களுக்கு விரல் நுனியில் கண் இருக்கிறது. இவள் விரலில் சிப்பி கிழித்த காயம்தான் இருக்கிறது. விஜயின் வலை வீட்டு மூலையில் மடித்தபடி கிடக்கிறது.

7. பதினான்காம் பாடு வரும் 09.12.2024 திங்கட்கிழமை வருகிறது. அதை விட்டால் இந்த இறால் பருவத்தில் மறுபடி வராது. ஆகவே தாங்கள் அதற்குள் ஊரைக் கூட்டி ஒவ்வொருவராக விசாரித்து, வினோதினி பெயரைப் பழைய இடத்தில் ஏற்றவும், புதுக் கடவுச்சொல்லை இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்படி வைக்கவும், அன்று கூவச் சொல்லிக் குரல் கொடுத்தவர் மீது தயவு தாட்சண்யம் இல்லாமல் நடவடிக்கை எடுக்கவும் பணிந்து வேண்டுகிறேன்.

8. மனுவை உறையில் போடும் முன் வினோதினிக்குப் படித்துக் காட்டினேன். ஆறாவது பத்திக்குக்கூட அவள் அழவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "கூவச் சொன்னது உன் கொரலு மாமா. நான் பின்னாலதான நின்னுட்டு இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பதில் பேசியிருப்பேன். ஆகவே ஐயா, மூன்றாவது பத்தியில் நான் தடுத்துப் பேசியதாக எழுதியது உண்மை அல்ல. அன்றைக்கே சொன்னேன் என்பதும் பொய்தான். குரல் கொடுத்தவன் நான். சுவரில் சாக்பீசால் எழுதியதும் என் கைதான், இந்த மனுவின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கையைத் தாங்கள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அவள் பெயரை மட்டும் திங்கட்கிழமைக்குள் ஏற்றித் தாருங்கள்.

இடம்: நடுத்திட்டுக்குப்பம்
நாள்: 28.11.2024

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மு. சின்னப்பன்